திரைக்கு வெளியே நின்ற சனம்

1997 ஜூலை, வெள்ளி இரவு

இன்று மவுண்ட் ரோஸ்கில்லில், கிரேஸ் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பழைய ஏற்பாட்டுக் காலத்து வழிபாட்டிடமான ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றிப் பேசினேன். பிரதான ஆசாரியன் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை, தேவசமுகத்தை மறைக்கும் திரைக்கு உள்ளே போவான், சனங்கள் வெளியே காத்து நிற்பார்கள். சிலுவை மரணத்தோடு அந்தத் திரை கிழிந்துவிட்டது, நாம் எல்லோரும் தேவசமுகத்தில் நிற்கிறோம் என்று முடித்தேன்.

யாழ்ப்பாணத்தில் போரில் தம்பியைத் தொலைத்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்த ராணி கேட்டாள். "அக்கா, நான் ஜெபிக்கேக்க அங்க ஒருத்தரும் இருக்கிற மாதிரித் தெரியேல்லை. இனி வராம விடுவம் எண்டு நினைக்கிறன். உங்களுக்குத் தெரியுதோ?"

படித்ததைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். மனம் வரவில்லை.

"இல்லை ராணி. என்ர மனுசன் செத்த பிறகு எனக்கும் தெரியேல்லை."

மலேசியாக்காரி கிரேஸ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, உங்களுக்குமா! நான் கண்ண மூடுனா மீன் கறிக்கு உப்பு போட்டேனான்னுதான் ஞாபகம் வருது லா."

ராணி சிரித்துவிட்டாள். ஆனாலும் விடவில்லை. "அப்ப ஏன் வாறியள்?"

"திரைக்கு வெளியில நிண்ட சனமும் வீட்டை போகேல்லையே" என்றேன்.

பிளாக்ஹவுஸ் பே பகுதியில் அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது மழை. காரின் கதவைப் பிடித்தபடி நின்றாள். "வாற வெள்ளி எத்தினை மணிக்கு ஏத்த வருவியள்?"

வீட்டுக்கு வந்து ஜெபிக்க உட்கார்ந்தேன். வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கணவரை இழந்தபின் முதல்முறையாக, என் துக்கத்தைச் சொல்லாமல், அவள் தம்பியின் பெயரைச் சொல்லி மன்றாடினேன்.