நீல வயரும் ஞாயிற்றுக்கிழமையும்

அக். 2, வியாழன்

காலையிலிருந்து தூறல். நேற்று ஆயுத பூஜை, இன்றைக்கும் தறிக் குடோனுக்கு லீவு. தறி ஒன்றும் ஓடவில்லை. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் அமைதி பழக்கமில்லை. நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது.

பூஜைக்குக் கழற்றி வைத்திருந்த கம்ப்யூட்டரை மத்தியானம் அப்பா ஆபீஸ் ரூமுக்குத் தூக்கி வந்தார். குடோனை ஒட்டின சின்ன அறை. பில் போடுவதெல்லாம் அங்கேதான். வயர்களைச் சொருகியது நான். மேஜைக்கடியில் இருட்டு, கையால் தடவித் தடவி. கரண்டு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ், கேமரா. கடைசியாக, சுவரில் இருக்கும் ரூட்டரிலிருந்து வரும் நீல வயர். கொஞ்சம் இறுக்கமாகப் போனது.

நெட் இல்லை.

மூலையில் இருக்கும் குறி மேல் பெருக்கல் அடையாளம். உள்ளே போய்ப் பார்த்தால் 'நெட்வொர்க் கேபிள் அன்ப்ளக்ட்' என்கிறது. சொருகித்தானே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.

அப்பா தூங்குகிறார். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அம்மா பொங்கலுக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனாள். இப்போது மைசூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை. போன அன்று அப்பா என் போனைக் குடோன் தரையில் அடித்து உடைத்தார். "அவ பேரு இந்த ஊட்டுல கேக்கக் கூடாது." அதற்கப்புறம் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஞாயிறு காலையில் அப்பா கறி எடுக்கப் போவார். பேக்கரியில் உட்கார்ந்து பேசிவிட்டு மெதுவாகத்தான் வருவார். அந்த நேரத்தில் நானும் அம்மாவும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவோம். போன வாரம் அம்மா கேட்டாள்: "பரீட்சை முடிஞ்சதும் எங்கூட வந்துர்றியா கண்ணு? வாரேன்னா பெரிய ரூமாக் கேட்டு வெக்கோணும். யோசிச்சு ஞாயித்துக்கெழம சொல்லு. நீ பேச வரலைன்னா இஷ்டமில்லைன்னு எடுத்துக்கறேன். மறுபடியும் கேட்டு உன்னய சங்கடப்படுத்த மாட்டேன்."

அம்மா அப்படித்தான். சொன்னால் சொன்னது.

அக். 3, வெள்ளி

வெயில். தறி ஓட ஆரம்பித்துவிட்டது. நிம்மதி. அழுதாலும் வெளியே கேட்காது.

இன்றைக்குச் செய்தவை:
அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இல்லை.
வயரை ரூட்டரில் வேறு துளையில் சொருகினேன். ஒவ்வொன்றாக எல்லாத் துளையிலும். விளக்கு எரியவில்லை.
சிபியு பக்கம் பிடுங்கிப் பார்த்தேன். நுனியில் மஞ்சளாக ஏதோ. பூஜை முடிந்த வீட்டில் எதைத் தொட்டாலும் மஞ்சள்தான். பாவாடையில் துடைத்துவிட்டுத் திரும்பச் சொருகினேன். இல்லை.
நெட் கார்டைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. 'சரியாக வேலை செய்கிறது' என்று வேறு காட்டுகிறது. பொய்.

அப்பா போனில் வைஃபை நன்றாக வருகிறது. சாயந்திரம் ஏதோ வீடியோ பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பழைய கம்ப்யூட்டரில் வைஃபை கிடையாது, வயர் மட்டும்தான். எல்லோருக்கும் நெட் இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை.

தறி ஓட்டும் பழனியண்ணனிடம் நீல வயரை யாராவது தொட்டார்களா என்று கேட்டேன்.

"எலி கடிச்சிருக்குமுங்க அம்மணி. பூசப் பொரி திங்க வந்துருக்கும், பொரி தீந்துபோச்சு, வயரக் கடிச்சுப்போட்டுப் போயிருக்கும். தீவாளிக்கு அதுக்கும் போனஸ் குடுக்கச் சொல்லுங்க."

சிரித்தேன். பிறகு அவரே சொன்னார்: "வயரெல்லாம் உங்கப்பாருதானுங்க கழட்டுனாரு. வேற ஆரும் கிட்ட வரலைங்க. அவரையே கேளுங்க."

கேட்பதா?

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. வேறு என்ன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒரு வயர் மட்டும் எப்படித் தானாகச் சாகும்? ராத்திரி தோசை ஊற்றும்போது பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏங்கண்ணு, அந்தப் பொட்டியவே நோண்டீட்டு இருக்கற? லீவுதான? தூங்கு." சாதாரணமாகச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா? ரெண்டாவது தோசை இறங்கவில்லை.

காவ்யா வீட்டுக்குப் போய் அவள் போனில் பேசலாம். ஆனால் காவ்யாவின் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பேக்கரியில் டீ குடிப்பவர்கள்.

அக். 4, சனி

மப்பு. கொடியில் துணி காயவில்லை. இயற்பியல் ரெக்கார்டு இன்னும் முடிக்கவில்லை.

தைரியத்தை வரவழைத்து, ஸ்கூல் வேலை அனுப்ப வேண்டும், நெட் இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே நெட் ஆளுக்குப் போன் போட்டார். துண்டித்தவரே ஆளைக் கூப்பிடுவாரா? சந்தேகம் வராமல் இருக்கக் கூப்பிடலாம்.

நெட் ஆள் வந்து நீல வயரைத் தன் லேப்டாப்பில் சொருகினார். ஓடியது.

"வயரு ஜம்முனு இருக்குதுங்ணா. உங்க பொட்டிலதான் கோளாறு. கார்டு போயிருக்கும். கடையில குடுத்து மாத்திப்போடுங்க."

"கடை எப்பத் தொறப்பான்?"

"பூசைக்குச் சாத்துனதுதானுங்க. இனித் திங்கக்கெழமைதான்."

அப்பா என் பக்கம் திரும்பி, "ரெண்டு நாளு பொறுத்துக்க கண்ணு" என்றார். பொறுத்துக்கொள்ள முடியாதது ஒரே ஒரு நாள்தான். அதை எப்படிச் சொல்வது?

அவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். எல்லா வயரையும் பிடுங்கி, சிபியுவை ஜன்னல் பக்கம் தூக்கி வைத்துத் திருப்பினேன். அதன் முதுகை வெளிச்சத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

முதுகு பூராவும் சந்தனம்.

தறிக்கு அப்பா பொட்டு வைக்கும் முறை அது. முன்னால் ஒன்று வைத்துவிட்டுப் போக மாட்டார். மோட்டார், ஸ்டார்ட்டர், சுவிட்சு என்று கரண்டு போகிற இடத்துக்கெல்லாம் ஒவ்வொன்று. கம்ப்யூட்டருக்கும் அப்படியே, வயர் போகிற ஒவ்வொரு இடத்துக்கும். மற்றதற்கெல்லாம் ஓரத்தில் ஒரு தொடல்தான். நீல வயர் போகும் துளை மட்டும் சின்ன விளக்கு மாடம் மாதிரி இருக்கிறதல்லவா, கட்டைவிரலால் உள்ளேயே அப்பிவிட்டிருக்கிறார். மேலே குங்குமம். நான் வயரைச் சொருகிச் சொருகி இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறேன். காய்ந்து கல்லாகிவிட்டது.

அவர் துண்டிக்கவில்லை. சாமி கும்பிட்டிருக்கிறார்.

தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். அழுகையும் வந்தது.

அப்புறம், வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறார் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பூஜையன்றைக்கு நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை. மிக்ஸி. அயர்ன் பாக்ஸ். என் சைக்கிள், பெல்லுக்குத் தனியாக ஒன்று. என் ஜாமெட்ரி பாக்ஸ். உள் ரூம் மூலையில் அம்மாவின் தையல் மெஷின், பழைய சேலை போட்டு மூடியது. அம்மா போனதிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. சேலையைத் தூக்கினேன்.

அதிலும் இருந்தது. மற்றதெல்லாம் கோணல்மாணல். அது மட்டும் வட்டமாக, அழகாக. தூசி துடைத்து எண்ணெயும் விட்டிருக்கிறார்.

சேலையை இருந்த மாதிரியே மூடிவிட்டேன். அதற்குள் இருட்டி, கரண்டும் போய்விட்டது. துளையைச் சுரண்ட டார்ச் வெளிச்சம் போதவில்லை. நாளைக் காலை, அவர் கறி எடுக்கப் போன பிறகுதான்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று வியாழக்கிழமை தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

அக். 5, ஞாயிறு

நல்ல வெயில். அப்பா வண்டியை எடுத்த சத்தம் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்தேன்.

பல்குத்தும் குச்சி, பழைய பிரஷ், காது குடையும் பட்ஸ், கை கழுவும் சானிடைசர். உள்ளே இருக்கும் கம்பிகள் முடி மாதிரி மெல்லியவை. வளைந்தால் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறினேன். மஞ்சள் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது. சந்தன வாசனை. ஃபேனுக்குக் கீழே காய வைத்தேன். அந்த நேரத்தில் நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டேன்.

சொருகினேன். 'டிக்'. பச்சை விளக்கு. அதன் பக்கத்தில் இன்னொன்று மினுக் மினுக்கென்று.

அம்மா முன்னாலேயே வந்து காத்திருந்தாள். தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்தாள்.

"வர மாட்டியோன்னு நெனச்சுட்டேன் கண்ணு."

"நெட்டு இல்லைம்மா."

"சாப்டியா? எளச்சுப்போயிட்ட. செரி, என்ன முடிவு பண்ணுன?"

தையல் மெஷினைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். வாய்வரை வந்தது. சொன்னால் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிடுவாளோ என்று பயம். அப்பா பற்றிப் பேச்சு எடுத்தால் அழுதுவிடுவாளோ என்று வேறு. பின்னால் ஹாஸ்டலில் யாரோ பாத்திரம் போட்டு உடைத்தார்கள். "வாரேம்மா" என்றேன்.

அம்மா துண்டின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரிய ரூமில் ஜன்னல் இருக்கிறதாம். எனக்கு மேஜை வாங்கிப் போடுகிறாளாம்.

பேசி முடித்து எல்லாவற்றையும் அணைத்தேன். மேஜையைத் துடைப்பதற்குள் அப்பா வாசலில். கையில் கறிப் பை. வண்டிச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

"என்ன கண்ணு, வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கப்பா."

பிரஷையும் மஞ்சள் பொடியையும் பார்த்தார். ஒரு பட்ஸை எடுத்து மோந்து பார்த்தார்.

"இது நான் வெச்ச சந்தனமாட்டிருக்குது?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சிரித்தார். வீடியோ பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

"கெட்டுது போ! நல்லா இருக்கோணும்னு வெச்சா அதுக்கு மூக்கை அடைச்சுப்போட்டனா? அடுத்த வருசம் இதுக்கெல்லாம் நீயே வெச்சுரு கண்ணு. எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல."

"சரிங்கப்பா" என்றேன்.