கோணி கட்டிய கம்பு

அன்றைக்கு அரிசி மில் களத்தில் இருந்தது ஐந்து பேர். நீ, நான், பச்சையம்மா, மேஸ்திரி ஏகாம்பரம், பாய்லருக்கு உமி தள்ளிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். ஆறாவதாக ஓர் ஆள் இருந்ததாக யார் சொன்னாலும் பொய்.

அக்கா, இன்று காலை அந்தச் சாம்பலை மறுபடியும் பார்த்தேன். கடப்பாரை நுனியில் கருப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. முந்தானையில் துடைத்தேன். அந்தப் புடவையை இன்னும் துவைக்கவில்லை.

மில் இப்போது இல்லை. புகைபோக்கியை இடித்துவிட்டார்கள். நாம் நெல் துழாவிய களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ராஜகிரிக் கோட்டை தெரியும் வீட்டுமனை என்று போர்டு வைத்திருக்கிறார்கள். என் மகன் சேகர் அங்கே வீடு கட்டப்போகிறான். வெள்ளிக்கிழமை பூஜை. இன்று காலை எங்கள் இருவரையும் கூட்டிப்போய் அவன் மனையைக் காட்டினதும் என் கால் நின்றுவிட்டது. வேப்பமரத்திலிருந்து இருபது எட்டு தூரம். நீ விழுந்த இடம்.

"டேய், இது சாம்பல் பள்ளம்டா. அஸ்திவாரம் நிக்காது. ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு இங்கியா குடி வருவ?"

"நைனா இன்னா சொல்றாரு? அவருதான பாய்லர்ல இருந்தாரு?"

அவர் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பள்ளம் அந்தாண்ட, கேட்டுப் பக்கம். உங்கம்மாவுக்கு வயசாயிடுச்சு."

அளக்க வந்த பெண் டேப்பைச் சுருட்டியபடி சிரித்தாள்.

உனக்குத் தெரியாததா? பாய்லரிலிருந்து வாரிக் கொட்டிய உமிச்சாம்பல் மேலே ஆறி வெளுத்துவிடும். உள்ளே நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அதனால்தான் பள்ளத்து ஓரம் கோணித் துண்டு கட்டிய கம்பு நிற்கும். கம்பு நின்றால் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. கம்பு இல்லையென்றால் ஆறிவிட்டது, குறுக்கே போகலாம். அது நம் மில்லின் சட்டம்.

அன்று மழை திடீரென்று இறங்கியது. தார்ப்பாய் காற்றில் எழும்பியது. அதை அழுத்திக் கட்ட அவர் அந்தக் கம்பைப் பிடுங்கினார். நான் பார்த்தேன். நீ கூடையோடு குறுக்கே ஓடி வந்தாய். இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நீ, "கம்பு இல்லடி, நான் பாத்துதான் வந்தேன்" என்றாய். போலீஸ்காரர் என்னைக் கேட்டார். "கம்பு இருந்துச்சு" என்றேன். தளவானூரில் உன் மாமியார், கண் தெரியாமல் ஓடிச் செத்தவள் என்று உன்னை இன்றுவரைக்கும் பேசுகிறாள்.

அளக்க வந்த அந்தப் பெண்ணிடமே கடப்பாரையைக் கேட்டு வாங்கினேன். ஒரே குத்து. கை பிடித்த இடம் வரைக்கும் போனது. இழுத்தால் சாம்பல்.

சேகர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "நைனா?"

"மறந்துட்டேன்டா" என்றார்.

"மறக்கல" என்றேன். "அன்னிக்குக் கம்பு இல்ல. தார்ப்பாய்க்குப் புடுங்கினது உங்க நைனாதான். நான் பொய் சொன்னேன்."

அவர் நடந்து போய்விட்டார். சேகர் மனை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்த இடத்தைப் பூங்காவாக விட்டுவிடுவார்களாம், அளக்க வந்த பெண் சொன்னாள். பூங்காவுக்குக் குழந்தைகள்தானே வரும்? பள்ளத்தைத் தோண்டிச் சாம்பலை அள்ளும் வரைக்கும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு கம்பில் கோணி கட்டி நட்டுவிட்டு வந்தேன்.

பொய் சொன்ன என் வாயை நான் தினமும் திட்டிக்கொள்கிறேன். ஆனால் பேத்திகள் குடியிருக்கப்போகும் மண் என்று தெரிந்தும் இன்று மலையைப் பார்த்தாரே, அதை மன்னிக்கமாட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் கார்டைத்தான் நீட்டுவேன். "புருஷன் பேரச் சொன்னா வாய் வெந்துடுமாடி?" என்று நீ களத்தில் எத்தனை தரம் சிரித்திருப்பாய்.

இதோ, நாலாவது வரை படித்த கையெழுத்தில் எழுதிவிட்டு, வாய்விட்டும் சொல்கிறேன். வேகவில்லை அக்கா.

கோவிந்தசாமி.