சின்ன வகுப்பே போதும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால்தான் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. லிஃப்ட் வேறு மறுபடியும் படுத்துவிட்டது. நீ அந்த வெளிநாட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வீடியோவில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தது. கேட்டால் வெளிச்சம் சரியில்லை என்று சமாளிக்கிறாய். பெற்றவளிடமா இந்தக் கதை?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே புகுந்துவிடுவாய். காகிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்ததை உன் மனைவி சொன்னபோது, "சரி, பார்ப்போம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாயாம். அவள் குறையாகச் சொல்லவில்லை. முகம் வாடிக் கிடந்ததைப் பார்த்து நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

உன் மனசும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பை முடித்தால் உன் கம்பெனியிலேயே அவளுக்கு வேலை, இருவரும் ஒன்றாக இருக்கலாம் என்று நீ யார் யாரையோ பிடித்து வழி செய்து வைத்திருந்தாய். முதலில் நானும் உன் கட்சிதான். "புருஷன் பக்கத்துல இருக்கிறதை விடவா படிப்பு பெரிசு?" என்று கேட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "பெரிசு சிறிசு தெரியல அத்தை. ரொம்ப நாளா இது ஒண்ணுதான் மனசுல இருக்கு" என்றாள்.

அப்படியென்றால் அதையே தபால் வழியில் படியேன், அவன் பக்கத்தில் இருந்தபடியே பரீட்சை எழுதலாமே என்றேன். நான் எவ்வளவு சாமர்த்தியமாக முடிச்சை அவிழ்த்துவிட்டேன் என்று எனக்கே பெருமை. அவள் சிரித்துவிட்டாள். "தபால்ல நீச்சல் கத்துக்க முடியுமா அத்தை? பிள்ளைங்க முன்னாடி போய் நிக்கணும். தப்பு பண்ணணும். யாராவது பின்னாடி உட்கார்ந்து பார்த்துத் திருத்தணும்" என்றாள்.

மேல்வீட்டு நர்ஸின் மகளை உனக்கு ஞாபகம் இருக்கும். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே கண்ணைக் கசக்குவாள். என் மருமகள் சூப்பர் மார்க்கெட்டில் நாள் முழுக்கப் பில் போட்டுவிட்டுக் கால் வலியோடு வருவாள். வந்து அந்தப் பெண்ணோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவாள். இப்போது அந்தக் குழந்தையே கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து நம் கதவைத் தட்டுகிறது. "உங்க மருமக என்ன சொக்குப்பொடி போட்டாங்க?" என்று நர்ஸ் கேட்கிறாள்.

நேர்முகத் தேர்வுக்கு நான்தான் துணைக்குப் போனேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தேன். கல்லூரியை ஒட்டி அவர்களுடைய பள்ளிக்கூடமே இருக்கிறது. உண்மையான குழந்தைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். தேர்வாளர்கள் மூன்று பேர் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்த அம்மாளின் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதைக் கழற்றி நிமிர்த்திக் கொடுக்க என் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, வெளியே ஜன்னலடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பாடம், "பாதி." தொடங்கும்போது அவள் குரல் கம்மியது. ஆளுக்கொரு தாளைக் கொடுத்துப் பாதியாகக் கிழிக்கச் சொன்னாள். ஒரு வாண்டுப் பெண் தாறுமாறாகக் கிழித்து, பெரிய துண்டைத் தூக்கிக் காட்டி, "டீச்சர், பெரிய பாதி எனக்கு!" என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. தேர்வாளர் ஒருவரும் சிரித்துவிட்டார். என் மருமகள் சிரிக்கவில்லை. அந்தக் குழந்தையின் பக்கத்தில் போய்க் குனிந்து, "சின்னது யாருக்கு?" என்று கேட்டாள்.

"தங்கச்சிக்கு."

"தங்கச்சி என்ன சொல்லுவா?"

"அழுவா."

"ஏன் அழுவா?"

குழந்தை இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இது பாதியே இல்ல டீச்சர்" என்றது. புதுத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கிழித்தது. சிரித்த பிள்ளைகளெல்லாம் தங்கள் துண்டுகளையும் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். இவள் குரலில் இருந்த கம்மல் போன இடம் தெரியவில்லை.

குழந்தைகள் போன பிறகு அந்தச் சாய்ந்த கண்ணாடி அம்மாள் கேட்டார். "கணக்குல பட்டம் வாங்கியிருக்கீங்க. மேல் வகுப்புக்கான படிப்புலயே சேரலாம். மதிப்பும் அங்கதான். எதுக்கும்மா சின்ன வகுப்புக்கு வரீங்க?"

இவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மேல் வகுப்புக்கு வரும்போதே பாதிப் பேர் கணக்குக்குப் பயந்துபோய்த்தான் மேடம் வர்றாங்க. அந்தப் பயம் எங்க ஆரம்பிக்குதோ, நான் அங்க இருக்கணும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு நின்றேன் என்று எனக்கே தெரியாது. கணக்குப் பரீட்சையன்று உனக்கு வரும் வயிற்றுவலியும், நான் கஷாயம் வைத்துக் கொடுத்து அனுப்பியதும் நினைவுக்கு வந்தது. இவளைப் போல ஒருத்தி உனக்கு அமைந்திருந்தால் கஷாயமே தேவைப்பட்டிருக்காது.

அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பேப்பர் போடுபவர், லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவர், ஒருவரையும் விடவில்லை. "என் மருமக டீச்சர்" என்கிறார். இன்னும் வகுப்பே தொடங்கவில்லையே என்றால், "அதெல்லாம் ஆயிட்டாப்பலதான், நீ சும்மா இரு" என்று என்னை அடக்குகிறார்.

படிப்பு இரண்டு வருடம். இங்கே வாங்குகிற சான்றிதழ் அங்கே செல்லாது என்று அவளுக்குத் தெரியும். உனக்கும் தெரியும், அதனால்தான் "பார்ப்போம்" என்றாய். அவள் அதை நினைத்து ராத்திரியில் அழுதது எனக்கும் சுவருக்கும் மட்டும் தெரியும். அப்படியும் கல்லூரியில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். உன்மேல் ஆசை இல்லாமல் அல்ல.

அவளுக்குப் போன் செய். படிப்பு எப்போது முடியும் என்று கேட்காதே. அந்தத் தாள் கிழித்த குழந்தையைப் பற்றிக் கேள். அவள் சொல்லும் அழகே தனி.

அடுத்த மாதம் தொடக்க விழா. குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. உன் வேலை உனக்கு. நானும் அப்பாவும் சீக்கிரமே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவோம். பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்திருப்பேன். யார் கேட்டாலும், ஆள் வருகிறது என்று சொல்லிவிடுவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா