மூன்று தரம் பூக் கேட்டவன்

14-6-1968
பனியன் கம்பெனியில் இன்று பெரியவர் பனியனுக்குச் சின்னப் பையன் அளவு அட்டையை வைத்து வெட்டிவிட்டேன். முதலாளி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைப் போடுகிற ஆளையும் நீயே தேடிப் பிடித்துவா என்றார். கத்திரி கையில், புத்தி கோயமுத்தூரில். மகள் சாரதாமணிக்கு அங்கே நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். பெண்ணைத் தனியாக விடுவதா? என் வீட்டுக்காரி மயிலாத்தாளுக்குக் கவலையே இல்லை. "முருகன் பாத்துக்குவானுங்க" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டாள்.

17-6
கோயிலில் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் அனுப்பலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி தண்டாயுதபாணி இரண்டையும் தனித்தனியே பொட்டலம் கட்டி முருகன் காலடியில் போட்டார். எடுத்தேன். வெள்ளை. சரியாகக் குலுக்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். வெள்ளை. செருப்பை மாட்டியவன் திரும்பிப் போய் மூன்றாம் தரம் கேட்டேன். அப்போதும் வெள்ளை.

"ஏனுங்க, செவப்புத்தான் வேணும்னு மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு பொட்டலத்துலயும் அதையே வெச்சிருப்பனுங்களே" என்றார் பூசாரி.

நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற ஆள் நான். சாமி தீர்ப்பு சொன்னால் அப்பீலுக்குப் போகிறேன்.

18-6
இன்று முதல் மனசுக்குப் பயிற்சி. கவலை வந்தால் "முருகா, இது உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் கைவேலையைப் பார்ப்பது. காலை டீக்கு முன்பே வாய் வலித்துவிட்டது.

1-7
சேர்த்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் மயிலாத்தாள் கடலை தின்றுகொண்டு வந்தாள். என் கண்ணில் தூசி.

11-8, ஞாயிறு
கெட்ட கனவு. முதல் பஸ்ஸில் ஓடினேன். சாரதாமணி வார்டிலிருந்து நன்றாகத்தான் வந்தாள்.

"போன வாரமும் வந்தீங்க. என்னைய முருகன்கிட்ட விட்டிருக்கறீங்களா, இல்ல அவனுக்கு மேல சூப்பர்வைசரா நிக்கறீங்களாப்பா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே இங்க என்னமோ ஆயிருமோன்னு பயமாப் போகுதுங்கப்பா. நீங்க போனப்புறம் ரெண்டு நாளைக்குப் படிப்பு ஏறறதில்லீங்க."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு — அடப்பாவி, புள்ளைக்குத் தைரியத்தையா குடுத்துட்டு வர்றேன்? எம்பயத்தைத்தானே மூட்டை கட்டிக் குடுத்துட்டு வர்றேன்! பொறுப்பு அவனுதுன்னு வாயில சொல்லிக்கிட்டு, சாவிய மடியிலயே முடிஞ்சு வெச்சிருக்கறனே?

18-8, ஞாயிறு
போகவில்லை. கோயமுத்தூர் பஸ் ஹாரன் அடித்தபோது காதைப் பொத்திக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். பக்தி என்றால் இப்படித்தான் இருக்குமோ?

8-9, ஞாயிறு
போகவில்லை. மத்தியானம் கொஞ்சம் தூங்கியும்விட்டேன்.

19-10
தீபாவளிக்குச் சாரதாமணி தனியாகவே வந்தாள். மங்கலத்துக்குப் பக்கத்தில் பஸ் டயர் பஞ்சராம், வந்து சேர நன்றாக இருட்டிவிட்டது. முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவன் எழுந்து போய்ப் பையை வாங்கினேன். பின்னாலேயே மயிலாத்தாள் வந்தாள். விளக்கு வைத்ததிலிருந்து தெருமுனையில் நின்றிருக்கிறாள்.

"புள்ளைய இன்னுங் காணோமேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கல்லு மனசுங்க உங்களுக்கு."

கேட்கவில்லைதான். இருட்டியதையே நான் கவனிக்கவில்லை. எண்ணெய் நல்ல பதத்தில் இருந்தது.