ஸஹ்ராவின் பெயரை எழுதிய கை

அன்பு மகள் உமாராணிக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளை அருள்முருகனும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். போன் பண்ணினால் "சரிப்பா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதி, லீவில் ஊருக்கு வரும் கௌஸ் முகைதீன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரும் துபாய் அல் கூஸில் நான் போர்டு எழுதும் அதே கடையில்தான் வேலை. இங்கே வெயில் குறைந்துவிட்டது. ரூமில் புது ஏசி மாட்டியிருக்கிறார்கள். குழந்தைக்கு இருமல் என்று மாப்பிள்ளை சொன்னார், ஐஸ் கொடுக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை கௌஸும் நானும் ஒரு அரபிப் படம் பார்த்தோம். ராஜா, மந்திரம் என்று வரும் கதை. ஸஹ்ரா என்ற பெண் சூனியத்தால் செத்தவள் மாதிரி கிடக்கிறாள். அவள் பெயரை ஒரு கோணல் இல்லாமல் எழுதி முடித்தால் கண் திறப்பாள். அவளை நேசிக்கிறவன் வருஷக்கணக்காக எழுதிப் பழகுகிறான். நடித்தவருக்கு அந்த எழுத்து வராது. அதனால் கை மட்டும் என் கை. எனக்கு அரபி பேச்சு தகராறு, எழுத்து வரும், உனக்குத் தெரியும். அந்தக் கையைப் படம் எடுத்த நாள்தான் உன் அம்மா போன நாள்.

நீ காலை பத்தரை மணிக்குப் போன் பண்ணி "அம்மா போயிட்டாப்பா" என்றாய். டிக்கெட் கிடைக்கவில்லை என்று உன்னிடம் பிறகு சொன்னேன். அது பொய் உமா. மத்தியானம் மூன்று மணி விமானத்தில் இடம் இருந்தது. சொல்லியிருந்தால் படக்காரர்களே வண்டி வைத்து அனுப்பியிருப்பார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தேன். மிச்சம் அந்த ஒரு பெயர்தான், முடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. விளக்கை மாற்றி மாற்றி எடுத்தார்கள், ஐந்து மணி ஆகிவிட்டது. கை நடுங்கவேயில்லை. டைரக்டர் கைதட்டினார், நானும் சிரித்தேன். வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று இந்த இரண்டு வருஷமாகத் தேடிப் பார்க்கிறேன், இல்லை. மறுநாள் மத்தியானம் வரை நீங்கள் உன் அம்மாவை எனக்காக வைத்திருந்து எடுத்தீர்கள். நான் சாயங்காலம் வந்து நின்றேன். நீ தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாய்.

படத்தில் ஸஹ்ரா கண் திறந்தபோது தியேட்டரில் பலர் அழுதார்கள், கௌஸும் அழுதார். எனக்கு ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து, "அண்ணே, ஒரு பிசிறு இல்லாம எழுதியிருக்கீங்க" என்றார். அப்போதுதான் அவரிடம் சொன்னேன். இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். ஏறும்போது, "புள்ளைகிட்ட சொல்லிருங்கண்ணே, வேற யாரும் சொல்லித் தெரிய வேணாம்" என்றார். சொல்லிவிட்டேன். மன்னிப்பாய் என்று எழுதவில்லை.

மாசியில் அம்மா திதிக்கு லீவு கேட்டிருக்கிறேன், கொடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை முதல் நாளே வந்துவிடுவேன். உன் வீட்டுக்கு வரலாமா, கோயில் மண்டபத்தில் தங்கட்டுமா என்று மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பு. எதுவானாலும் எனக்குச் சரி.

தைராய்டு மாத்திரையை விடாதே. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நிறைய நாள் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராமையா