கூப்பிட்டால் ‘ஓ’ சொல்ல வேண்டும்

ஜூலை 8, செவ்வாய்

மூடுபனி. துணி எதுவும் காயவில்லை. கோயமுத்தூர் டாக்டர் கொடுத்த இரண்டு புத்தகங்கள். என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பெர்கராம், ஆட்டிசத்தில் ஒரு வகை. நாற்பது தாண்டித்தான் தெரிகிறது. பு.1 யாரோ பேராசிரியர் எழுதியது, தூக்கம் வந்தது. பு.2 எழுதியவருக்கே ஆஸ்பெர்கர். சும்மா கூப்பிட்டால் அவருக்கு ஒன்றும் புரியாதாம். என்ன செய்ய வேண்டுமென்று சொன்னால் செய்வாராம்.

அட கடவுளே. மூடுபனியில் யார் கூப்பிட்டாலும் எங்கள் டீ எஸ்டேட்டில் ‘ஓ’ சொல்வார்கள். காட்டெருமை நிற்கும், பள்ளம் இருக்கும். இவர் மட்டும் சொல்லமாட்டார். போன மாதம் அழுதுகொண்டே தேடினேன், பக்கத்துப் புதரடியில்தான் நின்றிருந்தார். இத்தனை வருஷமும் திமிர் என்றே நினைத்தேன்.

ஜூலை 9, புதன்

பு.2 சொன்னபடி சொன்னேன். “மிஸ்டுல நான் ‘ஏனுங்க’ன்னு கூப்பிட்டா, ‘ஓ’ன்னு சொல்லிட்டு எங்கிட்ட வந்துருங்க.”

ஒவ்வொரு தடவையுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாயங்காலம் குழாயடியிலிருந்து கூப்பிட்டேன். ‘ஓ’. வந்தும் விட்டார். அழுகை வந்துவிட்டது. போண்டா போட்டேன். எண்ணெய் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

தொடைவரை ஈரத்தோடு வந்தார். எங்கே போனீர்கள்?

“நீ கூப்பிட்ட இடத்துக்கு. பள்ளத்துக்கிட்ட. நீ அங்க இல்ல.”

நான் மத்தியானம் முழுக்கப் பக்கத்து வீட்டு மேரியக்காவோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா பூண்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“பள்ளத்துப் பக்கமிருந்து யாரு கூப்பிட்டாலும் நாங்க வாயே தொறக்கறதில்ல கண்ணு. உங்கூட்டுக்காரரு எதுக்குமே பதில் சொல்லமாட்டாரு, தப்பிச்சாருன்னு இருந்தேன்.”

இதை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருக்கிறார்கள். நானும் அவரிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு புத்தகத்தையும் புரட்டினேன். இதற்கு ஒன்றும் இல்லை.

ஜூலை 12, சனி

எதிரே ஒன்றும் தெரியாத மூட்டம். அடுப்பில் சோறு. வாசலில் இவர் குரல்: ‘ஓ’.

நான் கூப்பிடவே இல்லை.

படியில் பூட்ஸ் சத்தம். ஓடினேன். ‘ஏனுங்க’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

“நில்லுங்க. நான் ஊட்டு வாசல்ல இருக்கேன். திரும்பி உள்ள வாங்க.”

நின்றார். வந்தார். என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீ இங்க இருக்கே. அப்ப கீழ பள்ளத்துல கூப்பிடறது யாரு?”

தெரியாதுங்க என்றேன். தெரியாது என்பது இவருக்குப் பதிலே இல்லை, பு.2-வில் அதுவும் இருக்கிறது. கதவைத் தாழ் போட்டுவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பூட்ஸை இன்னும் கழற்றவில்லை.