கண்ணாடியைச் சுற்றி ஒரு தடித்த குழல்

என் அருமை மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று முதல் வரியில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், அது பாதிதான் உண்மை, மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இந்தப் பார்சலில் இரண்டு உறை இருக்கும். அட்டை வைத்துத் தைத்த பெரிய உறையை இப்போது பிரிக்காதே அம்மாடி, முதலில் இதை உட்கார்ந்து கடைசி வரை படி. பிரித்தவுடன் உனக்குக் கோபம் வரும், கோபத்தோடு படித்தால் நான் எழுதியது ஒன்றும் உள்ளே இறங்காது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ கூப்பிட்டால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறார், அவரைப் பற்றி அவர் மடியிலிருந்தே நான் எப்படிப் பேசுவது.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டை அலங்கரிக்கிறேன் என்று இறங்கியிருப்பது உனக்குத் தெரியும், எந்த அளவுக்கு என்பது தெரியாது. ஜாம் பாட்டிலுக்கு நூல் சுற்றிப் பூச்சாடி, முட்டை அட்டையை வெட்டி வண்ணம் அடித்துப் பூ, பால் பாக்கெட்டைக் கீறிப் பின்னிய மிதியடி, நான் தையலில் வெட்டிப்போட்ட துணியெல்லாம் இப்போது திரைச்சீலையின் ஓரத்தில் தொங்குகிறது. வீட்டில் எதையும் தூக்கிப்போட முடியவில்லை, குப்பைக் கூடையையே கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வைக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் காகிதக் குழல். பழைய செய்தித்தாளைப் பட்டையாக வெட்டி, சைக்கிள் கம்பியில் வைத்துச் சுருட்டி, மாவுப் பசை தடவிக் காயவைத்து, கம்பியை உருவிவிட்டால் பென்சில் மாதிரி ஒரு குழல். அதை வைத்துக் கூடை செய்கிறார், விளக்குக்கு மூடி செய்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, முகத்துக்கு நேரே சொன்னால் இன்னும் பத்து செய்வார் என்று நான் வாயைத் திறப்பதில்லை. ஒரு பழக்கத்தைப் பார்த்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வரும், முப்பது வருஷம் தபால் ஆபீசில் கடிதங்களைப் பிரித்து அடுக்கிய மனிதர் இல்லையா, எந்தத் தாளையும் இரண்டு பக்கமும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் சுருட்டுவார். வாடகைக்கு வீடு, நாய்க்குட்டி காணவில்லை, பல் வைத்தியர் மாலையில் மட்டும், எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும், நான் பேப்பரைக் கையில் வாங்கியே படிக்க வேண்டியதில்லை.

நீ அங்கிருந்து கூப்பிட்டு, வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டித்துத் தருகிறார்கள், படிப்புச் சான்றிதழின் அசலை மாதக் கடைசிக்குள் நேரில் காட்ட வேண்டும், அனுப்பிவையுங்கள் என்றாயே, அன்றைக்கு இரவே நான் பீரோவிலிருந்து நீலப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மேஜையில் அவருடைய செய்தித்தாள் கட்டும் இருந்தது. மறுநாள் காலையில் தையல் கடையில் அவசர வேலை, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துப் பையைத் திறந்தால் உன் பிறப்புப் பத்திரம் இருக்கிறது, பள்ளிக்கூட மார்க் பட்டியல் இருக்கிறது, அது மட்டும் இல்லை. பீரோவைக் கவிழ்த்தேன், கட்டில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், அரிசி டப்பாவுக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தேன், எதற்கு அங்கே பார்த்தேன் என்று கேட்காதே. உன் அப்பாவைக் கேட்டால் “நீதானே எடுத்து வச்ச, எனக்கென்ன தெரியும்” என்றார், அதைச் சொல்லும்போது முட்டை அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானே பையை அந்தக் கட்டின்மேல் வைத்து, தாள் சறுக்கி விழுந்து, அவர் பார்க்காமல் சுருட்டிவிட்டார் என்றே முடிவுகட்டி என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் அவர் செய்து கொடுத்ததையெல்லாம் தேடிக் கிளம்பினேன். மாடி வீட்டு டீச்சரிடம் விளக்கு மூடியைக் கேட்டு வாங்கினேன், அவர் நல்ல மனுஷி, ஏன் என்று கேட்கவில்லை. உன் அத்தைக்கு ஒரு கூடை போயிருந்தது. அவளிடம் போய், அதைக் கொஞ்சம் கொடு, பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் “குடுத்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் உங்க வீட்ல எப்ப வந்துச்சு அண்ணி” என்று வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டாள். உள்ளதைச் சொல்ல முடியுமா, நாளைக்குள் ஊரெல்லாம் பரவிவிடும். பசை சரியில்லை, பூச்சி வைக்கிறது என்று ஒரு பொய் சொல்லி வாங்கி வந்து கத்தரியால் ஒவ்வொரு குழலாகக் கீறினேன். உள்ளே நாய்க்குட்டியும் பல் வைத்தியரும்தான். அத்தை இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, நீ கூப்பிட்டு இரண்டு வார்த்தை இனிக்கப் பேசிவிடு.

பிரிக்காமல் மிச்சம் இருந்தது கூடத்துக் கண்ணாடி ஒன்றுதான். பழைய பீரோக் கதவில் விரிசல் விட்ட கண்ணாடியைக் கண்ணாடிக் கடைக்காரர் வட்டமாக வெட்டிக் கொடுத்தார், அதைச் சுற்றிக் குழல்களைச் சூரியக் கதிர்போல ஒட்டி, வாசல் கேட்டுக்கு அடித்த மிச்சப் பெயிண்டை அடித்து மாட்டியிருக்கிறார். போன வியாழக்கிழமை காலையில் அவர் பால் வாங்கப் போயிருந்தார், நான் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு குழல் கைக்குத் தடிமனாகத் தட்டுப்பட்டது. மற்றதெல்லாம் பென்சில், அது மட்டும் துடைப்பக் கட்டை. செய்தித்தாளுக்கு அந்தக் கனம் வராது. கீழே இறக்கி முனையைப் பார்த்தேன், பெயிண்டுக்குள்ளே கனத்த தாளின் ஓரமும் தங்க நிற முத்திரையில் ஒரு பொட்டும் தெரிந்தது. ஆவி காட்டினால் பசை இளகும் என்று கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இரண்டு பக்கமும் படிக்காமல் சுருட்டாத மனிதர் இவர். உன் பெயரையும் படித்திருப்பார், உன் அப்பா என்று போட்டிருக்கும் தன் பெயரையும் படித்திருப்பார், படித்துவிட்டுத்தான் சுருட்டியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர் முழுச் சான்றிதழைக் கண்ணாடியில் மறைத்து நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

பாலோடு உள்ளே வந்தவர் மேஜையில் கண்ணாடியையும் பக்கத்தில் கெட்டிலையும் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன். பால் பையைக் கையில் வைத்துக்கொண்டே, “அது இல்லேன்னா அவ இங்கயே வந்துடுவான்னு நெனச்சேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு, பெற்ற பெண்ணின் பிழைப்பில் மண் அள்ளிப் போடுகிறீர்களே, நீங்கள் ஒரு தகப்பனா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். நான் கத்தியை எடுத்து முனையைப் பிரிக்கப் போனதும் “கத்தி வச்சா கிழிஞ்சிடும், இங்க குடு” என்று வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆவி காட்டிக் காட்டி, மேலே சுற்றிய செய்தித்தாளை உரித்து, உள்ளே இருந்ததை விரித்தார். அப்போது ஒன்று பார்த்தேன், உன்னிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மற்ற தாளுக்கெல்லாம் பிரஷ்ஷால் முழுக்கப் பசை பூசுகிறவர், இதில் ஒரு மூலையில் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வைத்திருக்கிறார். அந்த இடம்தான் கொஞ்சம் கறுத்திருக்கிறது. ஆவி பட்டு ஒரு கையெழுத்தின் வால் லேசாகக் கசிந்திருக்கிறது, பெயரும் எண்ணும் முத்திரையும் பழுதில்லை. இரண்டு பலகைக்கு நடுவில் வெள்ளைத் துணி வைத்து, மேலே என் தையல் மெஷினை ஏற்றி நான்கு நாள் அழுத்தினோம், இன்னும் ஓரம் சுருளத்தான் பார்க்கிறது.

இனி உன் ஆபீசில் என்ன சொல்வார்களோ, அதுதான் எனக்கு ராத்திரி பகலாக ஓடுகிறது. கசிந்த கையெழுத்தைப் பார்த்து இது அசல் இல்லை என்பார்களா, வீட்டில் ஈரம் பட்டுவிட்டது என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்களா. கல்லூரிக்குப் போய் விசாரித்தேன், அசலுக்குப் பதிலாக இன்னொரு சான்றிதழ் வாங்க இரண்டு மாதம் ஆகுமாம், அதற்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், ரசீதை உள்ளே வைத்திருக்கிறேன். கடைசி நாள் வரை காத்திருக்காதே, கிடைத்த மறுநாளே காட்டிவிடு, என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே கூப்பிடு. அப்பாவைத் திட்டுவதானால் ஒரு தடவை திட்டிவிடு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அவர் இந்த நான்கு நாளாகக் கத்தரியைத் தொடவில்லை. கண்ணாடியைத் திரும்ப மாட்டியாயிற்று, அந்த இடத்தில் வேறு குழல் ஒட்டவில்லை, பல் விழுந்த மாதிரி இருக்கிறது, நான் கேட்டதற்கு இருக்கட்டும் என்றார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, பட்டினியோடு வேலைக்குக் கிளம்பாதே. நீ நினைத்தது நடக்கட்டும், மூன்று வருஷம் என்றாலும் முப்பது வருஷம் என்றாலும் எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இரு.

உறையை ஒட்டுவதற்கு முன் இன்னும் ஒன்று. அன்றைக்குக் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்வரை நான் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினேன் இல்லையா. சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. முனையில் கொஞ்சம் பசை வைத்து, பெயிண்டைத் தொட்டு மூடி, திரும்ப மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, தேடினேன் கிடைக்கவில்லை என்று சொன்னால் போதும், என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்தும் வைத்துவிட்டேன். கெட்டில் விசில் அடித்ததால் எழுந்தேன். உன் அப்பாவை அத்தனை பேச்சுப் பேசிவிட்டு இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது, சொல்லவில்லை. அதனால் அம்மாடி, அவர்மேல் உனக்கு எவ்வளவு கோபம் வருகிறதோ அதில் பாதியை எனக்கு வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெரிய உறையைப் பிரி.

என்றும் உன் நல்லதையே நினைக்கும், அந்த ஒரு கெட்டில் நேரம் தவிர,
உன் அம்மா